கேரவன், தூண்டில், படகு: நீலகிரிக்குப் போவதா, பழனிமலைக்குப் போவதா?

அமெரிக்காவில் ராணுவப் பொறியாளர் படை கட்டிய நீர்த்தேக்கங்கள் பலவற்றின் கரையில் கேரவன், அதாவது உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி, நிறுத்துவதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வண்டி நிற்கும் இடத்திலேயே 30 ஆம்பியரோ 50 ஆம்பியரோ மின் இணைப்பு, பக்கத்தில் குடிநீர்க் குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்யத் தனி இடம், படகை இறக்கச் சரிவுத்தளம் என்று எல்லாம் உண்டு. காணொளியில் இதைப் பார்த்துவிட்டு, கோவையிலோ பெங்களூரிலோ ஒரு கேரவனை வாடகைக்குப் பேசிக்கொண்டு, "ஊட்டிக்குப் போகலாமா, கொடைக்கானலுக்குப் போகலாமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஊட்டி இருப்பது நீலகிரியில், கொடைக்கானல் இருப்பது பழனிமலைத் தொடரில்; இங்கே பழனிமலை என்று நான் சொல்வது அந்தத் தொடரைத்தான், முருகன் கோயில் குன்றை அல்ல.

மலையைப் பற்றி அப்புறம் பேசலாம். போவது படகுக்காகவா, மீனுக்காகவா, தண்ணீர் தெரியும் இடத்தில் தூங்குவதற்காகவா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றும் ஒரே கரையில் அமைவது இந்த இரண்டு மலைகளிலும் கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

காரணம் நிர்வாகத்தில் இருக்கிறது. நீலகிரியின் பெரிய நீர்நிலைகளில் பெரும்பாலானவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி எல்லாம் கனடாவின் உதவியோடு 1950களிலும் 60களிலும் உருவான குந்தா திட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, தண்ணீர் மின்வாரியத்தின் கையில். கரையைச் சுற்றிய காடு வனத்துறையின் கையில். தண்ணீருக்குள் இருக்கும் மீன் மீன்வளத் துறையின் கையில். படகு ஓடினால் அது பெரும்பாலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. ஓர் ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன், அங்கே நீங்கள் நினைத்ததைச் செய்ய எத்தனை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். என்னுடைய ஒப்பீட்டில் முதல் அளவுகோல் இதுதான்.

வண்டி ஏறுமா?

இரண்டு மலைக்கும் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. கோடை விடுமுறையில் வருகிறவர்கள் பாஸ் கையில் வருவதற்கு முன் கேரவனுக்கு முன்பணம் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைப் பறித்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெரிய கேன், எவர்சில்வர் குடம், இவை போதும்.

சாலை விஷயத்தில் நீலகிரிக்கு ஒரு வசதி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுவது ஒரு வழி. கோடையில் அந்தப் பாதையை ஏறுவதற்கும் கோத்தகிரிப் பாதையை இறங்குவதற்கும் என்று ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். ஆனால் மைசூரு பக்கமிருந்தோ கேரளத்திலிருந்தோ வருகிறவர்களுக்குக் கூடலூர்–ஊட்டி சாலை இருக்கிறது. அந்தச் சாலை பைக்காராவை ஒட்டியே போகிறது. ஊட்டி நகர நெரிசலுக்குள் கேரவனை நுழைக்காமலே படகுத் துறைக்கு வந்துவிடலாம். மைசூரு வழியென்றால் முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் பாதை தூரத்தைக் குறைக்கும் என்று கைப்பேசி வரைபடம் ஆசை காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கவே அனுமதியில்லை. கேரவனோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு சாலையே கேரவனுக்கு ஏற்றது. பழனியிலிருந்து ஏறும் சாலை குறுகல். 12 மீட்டருக்கும் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பரிலிருந்து கொடைக்கானல் மலைச்சாலையில் தடை போட்டார்கள். பேருந்து அடிச்சட்டத்தில் கட்டிய பெரிய கேரவனை நினைத்திருந்தால் அதன் நீளத்தை முதலில் கேட்டுவிடுங்கள். அந்த வரம்புக்குள் வந்தாலும் கொடைக்கானல் நகரத்தைத் தாண்டி மன்னவனூர் பக்கம் போகும் சாலையில், எதிரே அரசுப் பேருந்தோ பூண்டு மூட்டை ஏற்றிய லாரியோ வந்தால் பின்னால் நகர்த்தத் தெரிந்த ஓட்டுநர் வேண்டும். டெம்போ டிராவலர் அளவுள்ள வண்டிதான் இந்த மலைகளுக்குச் சரியான அளவு. அதற்கு மேல் பெரிதானால் விடுமுறை முழுக்க வண்டியைத் திருப்புவதிலேயே போகும்.

வண்டியின் ஆவணத்தையும் பாருங்கள். பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தி வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது, கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலையும் இருக்கிறது. பதிவுச் சான்றில் வேன் என்று மட்டும் போட்டிருந்து உள்ளே சிலிண்டர் இருந்தால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படகுதான் முக்கியம் என்றால்

பைக்காரா. வேறு யோசனை தேவையில்லை. ஊட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சோலைக்காடும் புல்வெளியும் சூழ்ந்த விரிந்த நீர்ப்பரப்பு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வேகப்படகுகளும் மோட்டார் படகுகளும் ஓடுகின்றன. படகுக்கு ஒரே ஓர் அலுவலகம், ஒரே ஒரு டிக்கெட். மின்வாரியம் தண்ணீரைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் இறங்கி, கரையில் செம்மண் படிக்கட்டாகத் தெரியும், அழகு பாதிதான். மழை முடிந்து அக்டோபர் முதல் ஜனவரி வரை நிறைந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஆனால் அங்கே இரவு தங்க நினைக்க வேண்டாம். சுற்றிலும் காடு, புலி நடமாடும் இடம். மாலையில் படகுத்துறை மூடியதும் நீங்களும் கிளம்பிவிட வேண்டும்.

ஊட்டி ஏரியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கிய ஏரி. மிதிபடகு, துடுப்புப் படகு, ஐஸ்கிரீம், கூட்டம். கோடப்பமந்து கால்வாய் நகரத்துக் கழிவைச் சுமந்துகொண்டு அதில்தான் வந்து சேர்கிறது. குழந்தைகளை ஒரு மணி நேரம் படகில் ஏற்றலாம். அதன் மீனைச் சாப்பிட நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கொடைக்கானல் ஏரி அதைவிடப் பல மடங்கு மேல். வெரெ ஹென்றி லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரி. சுமார் 60 ஏக்கர், சுற்றளவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏரியின் கிளைகள் மலைக்குள் நுழைந்து நுழைந்து போவதால், துடுப்புப் படகில் ஒரு மூலையில் ஒதுங்கினால் நகரத்தின் நடுவில் இருப்பதே மறந்துவிடும். துடுப்பு போடத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மலைகளிலும் இதைவிட நல்ல நீர் இல்லை. வேகப்படகு ஆசை உள்ளவர்களுக்குத்தான் பைக்காரா. சாலை ஏரியைச் சுற்றியே ஓடுவதால் கேரவனை நிறுத்துவது பெரும்பாடு. வண்டியைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு நடந்தோ சைக்கிளிலோ வாருங்கள்.

மன்னவனூர் வேறு ரகம். கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே. வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் நடத்தும் பரிசல்தான் அங்கே சிறப்பு. இரைச்சல் இல்லை, புகை இல்லை. பக்கத்தில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்துப் புல்வெளிகள். வழியில் பூம்பாறையின் பூண்டு வயல்கள். அந்த மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேகப்படகு வேண்டும் என்று அடம்பிடிக்கும் பதினாறு வயதுப் பையனை இங்கே அழைத்து வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் இது சொர்க்கம்.

சொந்தப் படகைக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். காற்றடித்து மிதக்கவிடும் கயாக்கை மடித்து வண்டியில் போடுவது எளிது. தண்ணீரில் இறக்குவதுதான் சிக்கல். மின்வாரிய நீர்த்தேக்கத்தில் அனுமதியில்லாமல் இறங்கினால் காவலர் வந்து நிற்பார். மோட்டார் பொருத்தியதென்றால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் வேண்டும். வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

தூண்டில்தான் முக்கியம் என்றால்

இங்கே நீலகிரி கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். வெள்ளைக்காரர்கள் இந்த மலையின் குளிர்ந்த ஓடைகளில் தங்கள் ஊர் மீனைப் பிடிக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே முயன்றார்கள். கடல் கடந்து வந்த முட்டைகள் பலமுறை வீணாகிப் போயின. 1900களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் டிரவுட் இங்கே வேர்விட்டது. வானவில் டிரவுட்டுக்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த, ஓடும் தண்ணீர் வேண்டும். அதனால் அது இருப்பது மேட்டு ஓடைகளிலும் அவற்றை வாங்கும் நீர்த்தேக்கங்களிலும்தான். முக்குருத்தி, மேல்பவானி பக்கமெல்லாம் அப்படிப்பட்ட நீர். ஆனால் முக்குருத்தி இன்று தேசியப் பூங்கா. அவலாஞ்சிக்குச் சொந்த வண்டியை விட மாட்டார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி வனத்துறை வண்டியில் ஏறி, சுற்றிக்காட்டும் இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். டிரவுட்டுக்காக மட்டும் கேரவன் எடுத்துக்கொண்டு வருவது வீண் ஆசை என்பேன்.

நம் கைக்கு எட்டும் மீன் கெண்டைதான். 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட ஐரோப்பியச் சாதாக் கெண்டையும் அதன் உடன்பிறப்பான கண்ணாடிக் கெண்டையும் மலை முழுக்கப் பரவிவிட்டன. இதைப் பிடிக்க விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்த உருண்டை, இல்லையென்றால் மண்புழு. தங்கூசி நரம்பு, சிறிய முள், தக்கை. கெண்டை இரையை வாயில் வாங்கி, துப்பி, மறுபடி வாங்கும்; தக்கை ஆடியவுடன் இழுப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் எழுந்து நடுங்கிக்கொண்டு உட்காருவதில் பயனில்லை. தண்ணீர் சில்லென்று இருக்கும்போது கெண்டை அசையாமல் ஆழத்தில் கிடக்கும். வெயில் ஏறி, ஆழமில்லாத கரையோரம் சூடேறும் பத்து மணிக்கு மேல்தான் மேய வரும். ஆகவே காலைப் பலகாரத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

இடம் என்று பார்த்தால் இரண்டு. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் போனால் கிளைபிரியும் காமராஜர் சாகர் அணை, மறுபக்கம் எமரால்டு. இரண்டுக்கும் ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டு, அனுமதிச் சீட்டு பெற்ற பிறகே தூண்டிலை எடுக்க வேண்டும். எந்தக் கரையில் உட்காரலாம், எதில் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். எமரால்டு எனக்குப் பிடித்த கரை. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளுக்கு நடுவே தண்ணீர் கிடக்கும். ஊர் பக்கத்திலேயே இருப்பதால் டீயும் காய்கறியும் கிடைக்கும். படகு கிடையாது, அதனாலேயே கரை அமைதியாக இருக்கும். நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை: காய்ந்ததுபோல் தெரியும் சேற்றுச் சரிவில் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கிவிடும்.

பழனிமலையில் தூண்டிலுக்குக் கொடைக்கானல் ஏரி உண்டு, மீன்வளத் துறை அனுமதியோடு. ஆனால் அங்கே பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் என் கொள்கை. நகரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அதன் பாதரசம் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பேரிஜம் ஏரியைப் பார்த்தால் தூண்டில்காரர்களுக்குக் கை ஊறும். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியோடு பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். பெரியகுளத்துக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது.

மலையேறாமலே மீன் வேண்டும் என்றால் அடிவாரம் இருக்கிறது. பழனிக்கு அருகே வரதமாநதி அணை, பாலாறு–பொருந்தலாறு அணை. வெப்பம் அதிகம், ஆனால் கேரவன் எந்த வளைவிலும் திணறாது. அணை மீனுக்கு உரிமை பெற்றவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் பேசாமல் தூண்டில் போடாதீர்கள். நேரடியாகக் காசு கொடுத்து மீனை வாங்கிப் பொரித்துச் சாப்பிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

எங்கே தூங்குவது?

இதில்தான் பழனிமலை முந்துகிறது. நீலகிரியின் நீர்க்கரைகள் பெரும்பாலும் காடு. மலையடிவாரமான சீகூர் சமவெளியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் மூடப்பட்டதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. கரையோரம் வண்டியைப் போட்டுத் தூங்கலாம் என்ற எண்ணத்தை அங்கே விட்டுவிட வேண்டும். கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களில், கூக்கால் ஏரியைச் சுற்றியும் மன்னவனூர், கவுஞ்சி பக்கமும் பட்டா நிலங்கள் தண்ணீருக்கு அருகிலேயே இருக்கின்றன. முறையான அனுமதியோடு நடத்தும் ஓர் இடம் கிடைத்தால், கதவைத் திறந்தால் ஏரி தெரியும். தமிழ்நாடு சுற்றுலாத் துறை முகாம் நடத்துபவர்களுக்கும் கேரவன் பூங்கா நடத்துபவர்களுக்கும் பதிவுத் திட்டம் வைத்திருக்கிறது. பதிவு இல்லாத கூடார முகாம்களுக்கு அதிகாரிகள் வந்து சீல் வைப்பது இரண்டு மலைகளிலும் நடக்கிறது. நடு இரவில் குழந்தைகளோடு வெளியேறும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரு மலைகளின் பள்ளங்களிலும் உறைபனி விழும். தண்ணீர் தேங்கும் தாழ்வான புல்வெளியில்தான் அது முதலில் வெள்ளையாகப் படியும்; அதாவது நீங்கள் ஆசைப்படும் அதே ஏரிக்கரையில். சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகில் ஆவியாக மறுக்கும், அடுப்பு சோம்பிவிடும். மூடுபனி நாட்களில் கூரை மேல் உள்ள சூரியத் தகடு பெயருக்குத்தான். குளிருக்குப் பயந்து கரியடுப்பை வண்டிக்குள் வைத்துச் சன்னலை மூடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தடித்த கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

உணவு வாசனைக்குக் காட்டெருமையும் கரடியும் வரும். காட்டெருமை கொடைக்கானலிலும் குன்னூரிலும் தெருவிலேயே நடக்கும். அருகில் போய்ப் படம் எடுக்காதவரை அது உங்களைக் கண்டுகொள்ளாது, நீங்களும் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கழிப்பறைத் தொட்டியை ஓடையில் கவிழ்க்கும் வேலைக்கு மட்டும் மன்னிப்பே இல்லை. இந்த மலையில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே யாரோ ஒருவருடைய குழாய்க்குத்தான் போகிறது. ஊட்டிக்கே பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் வருகிறது.

எந்த மாதம்?

பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு பக்கம் தென்மேற்குப் பருவமழையின் வாசல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தத் திசையை நினைக்கவே வேண்டாம். அதே மாதங்களில் பழனிமலையில் மழை அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும்போது கொடைக்கானலும் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளும் நனையும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகள் பலரைப் பலிகொண்டன. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்தது. அந்த வாரங்களில் பத்தடி உயர வண்டியோடு மலைச்சாலையில் இருக்கக் கூடாது. பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும் இரண்டுக்கும் நல்லது. மே மாதம் இரண்டுக்கும் கெட்டது.

இனி என் முடிவு. சின்னப் பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்த குடும்பம், டெம்போ டிராவலர் அளவு வண்டி, செப்டம்பர் அல்லது பிப்ரவரி என்றால் பழனிமலை: மன்னவனூர் பரிசல், கொடைக்கானல் ஏரியில் ஒரு நாள் துடுப்பு, மேல்மலையில் பட்டா நிலத்து முகாமில் இரவு. தூண்டிலுக்காகவே வரும் நண்பர்கள் என்றால் பிப்ரவரியில் நீலகிரி, எமரால்டு. ஆனால் அவர்களிடம் கேரவனே வேண்டாம் என்றுதான் சொல்வேன். எப்படியும் கரையில் தூங்க முடியாது. வண்டியை நிறுத்த ஒரு விடுதி வளாகத்துக்குக் காசு, வண்டிக்கு வாடகை என்று ஒரே படுக்கைக்கு இரண்டு முறை கட்டணம். ஒரு காரும் எமரால்டு பக்கத்து வீட்டுத் தங்கலும் அதைவிடச் சுகம், மலிவும்கூட. மைசூரு பக்கமிருந்து பெரிய வண்டியோடுதான் வருவோம், வேகப்படகுதான் வேண்டும் என்பவர்களுக்குப் பைக்காரா, இரவுக்கு ஊட்டிக்கு வெளியே மதில் உள்ள ஒரு தங்குமிடம்.

முகாம் நடத்துபவரிடம் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நிலம் பட்டாவா, சுற்றுலாத் துறைப் பதிவு எண் என்ன, கழிப்பறைத் தொட்டியைக் கொட்ட செப்டிக் டேங்க் இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு "பக்கத்தில் ஓடை இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்துங்கள்.